நெருப்பால் இயங்கிய குளிர்ப்பெட்டி

நெருப்பும் பனியும் ஒன்றோடொன்று பொருந்தா என்பது எவரும் அறிந்த செய்தி. ஆயினும், ஒரு சிறு சுடரை ஏற்றிவைத்து அதன் வெம்மையைக் கொண்டே நீரைப் பனிக்கட்டியாக உறையச் செய்யும் பெட்டியொன்று ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக உலகில் வழங்கி வருகின்றது. அதிலே சுழலும் சில்லு இல்லை, ஏறியிறங்கும் ஆடுதண்டு இல்லை, ஓசையும் இல்லை. நகரத்து வீடுகளிலிருந்து அப்பெட்டி மறைந்து நெடுங்காலமாயிற்று. அது புகலிடம் பெற்ற இடங்களுள் முதன்மையானது ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் ஓடும் மோட்டார் வீடு. அங்கிருந்தும் அது இப்பொழுது மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கின்றது. பழுதுற்ற சுடர்ப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்திலே சாதாரண வீட்டுக் குளிர்ப்பெட்டியையோ பற்றரியில் இயங்கும் அமுக்கிப் பெட்டியையோ பொருத்துவது அந்நாட்டில் இன்று வழக்கமான வேலையாகிவிட்டது. வெறும் பழுதுபார்ப்பாகத் தோன்றும் இந்த மாற்றத்துக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு.

மோட்டார் வீடு என்பது யாது? பஸ் வண்டி போன்றதொரு ஊர்தியினுள்ளே அடுக்களை, படுக்கை, குளியலறை யாவும் அமைந்திருக்கும். குடும்பத்தோடு அதில் ஏறிச் சென்று, மலையடிவாரத்திலோ பாலைநிலத்திலோ நிறுத்தி, நாட்கணக்காக அங்கே தங்குவர். ஓய்வுபெற்ற முதியோர் பலர் வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் அதிலேயே வாழ்வதும் உண்டு. மின்கம்பிகள் எட்டாத அவ்விடங்களில் பாலும் இறைச்சியும் கெடாமற் காப்பது எவ்வாறு? நீரிழிவு நோயாளர் தம் இன்சுலின் மருந்தைக் குளிரில் வைத்துக் காப்பது எவ்வாறு? இக்கேள்விக்குச் சுடர்ப்பெட்டியே பல ஆண்டுகளாக விடையாக இருந்தது.

குளிரை உண்டாக்கும் கலையின் அடிப்படை எளிதானது. திரவமொன்று ஆவியாகும்பொழுது தன் அருகிலுள்ள வெம்மையைக் கவர்ந்து செல்லும். ஈரத்துணி சுற்றிய மண்கூசாவின் நீர் நண்பகலிலும் தண்ணென்றிருப்பது இதனாலேயாம். ஆனால், ஆவியாகிப் போன திரவத்தை மீண்டும் பிடித்துத் திரவமாக்கினாலன்றிப் பொறி தொடர்ந்து இயங்காது. அதற்கு இரு வழிகள் தோன்றின. இலண்டனில் வாழ்ந்த அமெரிக்கரான ஜேக்கப் பேர்க்கின்ஸ் 1834இல் உரிமைப் பத்திரம் பெற்ற வழி ஒன்று: ஆவியைப் பம்பியினால் அமுக்கித் திரவமாக்குதல். இன்று உலகெங்கும் அடுக்களைகளில் உறுமும் குளிர்ப்பெட்டிகள் யாவும் அந்த வழியில் வந்தவையே. பிரெஞ்சுக்காரரான பேர்டினன்ட் கரே 1859இல் கண்ட வழி மற்றையது. அமோனியா வாயுவை நீர் பேராசையோடு குடிக்கும். அந்நீரைச் சூடாக்கினால் குடித்ததைக் கக்கிவிடும். எனவே பம்பி செய்த அமுக்கும் வேலையைக் கரேயின் பொறியில் அடுப்பே செய்தது.

கரேயின் கண்டுபிடிப்புக்கு உடனே ஒரு சோதனைக்களம் வாய்த்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் வடக்கு ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியையே நம்பியிருந்தன. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் அந்த வரவு நின்றுபோயிற்று. வட மாநிலக் கடற்படையின் முற்றுகையை ஏமாற்றிக் கரேயின் பொறிகள் தெற்கே கொண்டு செல்லப்பட்டன. பகைவர் நாட்டுப் பனிக்கட்டி இல்லாவிட்டாலும், எரிக்க விறகிருந்தால் தாமே பனிக்கட்டி செய்யலாம் என்பதைத் தென்னாட்டார் கண்டனர். பிறர் கையை எதிர்பாராது குளிரைப் பெறுதல் என்ற இந்த விருப்பமே பின்னர் மோட்டார் வீட்டுக்காரரையும் சுடர்ப்பெட்டியின்பால் ஈர்த்தது.

கரேயின் பெரும்பொறி ஆலைகளுக்கு ஏற்றது, வீட்டுக்கு ஏற்றதன்று. தொடர்ந்து இயங்க அதற்கும் ஒரு பம்பி வேண்டியிருந்தது. அந்தப் பம்பியையும் நீக்கியவர்கள் சுவீடன் நாட்டு மாணவர் இருவர். ஸ்டொக்ஹோம் அரச தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற பால்ற்சர் வொன் பிளாட்டன், கார்ல் முன்றேர்ஸ் என்ற அவ்விருவரும் 1922இல் செய்து காட்டிய பெட்டியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் தகும். பொறியியல் வரலாற்றிலே இத்தனை அழகிய சிந்தனை அடிக்கடி பிறப்பதில்லை.

அவர்கள் செய்த புதுமை, அமோனியாவோடும் நீரோடும் ஐதரசன் வாயுவையும் அடைத்ததாகும். மண்கூசாவின் ஈரத்துணி புழுக்கமான நாளில் மெதுவாக உலரும். வறண்ட காற்று வீசும்பொழுது விரைந்து உலரும். அமோனியாத் திரவத்துக்கு ஐதரசன் அத்தகைய வறண்ட காற்று. குழாயினுள்ளே மொத்த அமுக்கம் எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஐதரசன் நிறைந்த பகுதியிலே அமோனியாவின் பங்கு அமுக்கம் குறைவாகையால், அங்கே அது விரைந்து ஆவியாகிக் குளிரைத் தரும். அடியிலே எரியும் சுடர் அமோனியா கலந்த நீரைக் கொதிக்கச் செய்யும். கொதியிலெழும் குமிழிகள், பொங்கும் பால் பானையின் விளிம்புவரை எழுவதுபோல, மெல்லிய குழாயொன்றினூடாக நீரை மேலே தூக்கிச் செல்லும். அமோனியா ஆவி பிரிந்து, வெளிக்காற்றுப்படும் குழாயில் வெம்மையை இழந்து திரவமாகும். ஐதரசனைச் சந்தித்து ஆவியாகும். பின்னர் கீழே வழிந்து வரும் நீரினாலே உறிஞ்சப்பட்டு மறுபடியும் சுடருக்கு வந்து சேரும். ஐதரசனோ நீரிற் கரையாது தன் இடத்துக்கு மீளும். எல்லாம் வெம்மையாலும் புவியீர்ப்பாலும் தாமே நடப்பன. வளிமண்டல அமுக்கத்தின் இருபது மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்தில் உருக்கினால் ஒட்டி மூடப்பட்ட அந்தக் குழாய்த்தொகுதியைத் திறந்து பார்க்கும் தேவையே எழாது.

சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1925இல் இந்தக் கண்டுபிடிப்பை வாங்கி உலகெங்கும் விற்கலாயிற்று. அமெரிக்காவிலே இந்தியானா மாநிலத்து எவன்ஸ்வில் நகரில் இருந்த சேர்வெல் என்ற நிறுவனம் அதைச் செய்யும் உரிமையைப் பெற்றது. மின்சாரம் இல்லாத நாட்டுப்புறங்களுக்கு மண்ணெண்ணெயில் எரியும் பெட்டிகளும் வந்தன.

அக்காலத்து அமுக்கிப் பெட்டிகள் ஓசை மிகுந்தவை. அதனினும் பெருங்குறை, அவற்றுள் ஓடிய கந்தகவீரொட்சைட்டு முதலிய வாயுக்கள் நஞ்சாக இருந்தமையாகும். பேர்ளின் நகரில் குளிர்ப்பெட்டியிலிருந்து கசிந்த வாயுவினால் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு உறக்கத்திலேயே மாண்ட செய்தியைப் பத்திரிகையில் படித்து மனம் நொந்தவர்களுள் அல்பேர்ட் ஐன்ஸ்டைனும் ஒருவர் என்பர். அவரும் இளம் விஞ்ஞானியான லியோ சிலார்டும் 1926 தொடக்கம் சில ஆண்டுகள் அசையும் உறுப்பில்லாத குளிர்ப்பெட்டிகளை வகுப்பதில் ஈடுபட்டனர். அவற்றுள் ஒன்றுக்கு 1930இல் அமெரிக்க உரிமைப் பத்திரமும் கிடைத்தது. எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அவர்தம் உரிமையொன்றை வாங்கியும் அப்பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. அண்டத்தின் அமைப்பை ஆராய்ந்தவரும் ஒரு குடும்பத்தின் அடுக்களையைப் பற்றிக் கவலை கொண்டார் என்பது நினைவில் நிற்கவேண்டிய செய்தி.

ஓசையற்றதும் தேய்மானம் குறைந்ததுமான இந்தப் பெட்டி வீடுகளிலே ஏன் நிலைக்கவில்லை? அமெரிக்க வரலாற்றாசிரியையான ரூத் ஷ்வார்ட்ஸ் கவன் 1983இல் வெளியிட்ட நூலில் இக்கேள்வியை எழுப்பிப் பொருத்தமான விடையும் தந்தார். மின்சாரப் பெட்டியின் பக்கம் ஜெனரல் எலெக்ட்ரிக், ஜெனரல் மோட்டர்ஸ் போன்ற பெருநிறுவனங்கள் நின்றன. ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் அவை பெருஞ்செல்வத்தைக் கொட்டின. வாயுப்பெட்டியின் பக்கம் நின்றவர்களிடம் அத்தகைய வலிமை இருக்கவில்லை. இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1928இல் தோமஸ் மிட்ஜ்லி குழுவினர் நஞ்சும் தீப்பற்றும் தன்மையும் அற்ற பிரியோன் வாயுவைக் கண்டமையால் அமுக்கிப் பெட்டியின் பெருங்குறை நீங்கிற்று. அந்தப் பிரியோன் ஓசோன் படையை அரிப்பதும், அதைத் தடுக்க 1987இல் மொன்ட்ரியல் உடன்படிக்கை பிறந்ததும் பிற்காலத்துக் கதை. சேர்வெல் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் குளிர்ப்பெட்டித் தொழிலைக் கைவிட்டது. அதன் பழைய பெட்டிகள் பல பின்னரும் நெடுங்காலம் உழைத்தன. ஆனால் சரிவர எரியாத சுடர் காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நச்சுவாயுவை உமிழ்ந்து உயிர்களைக் குடித்ததுமுண்டு. நஞ்சுக்கு அஞ்சித் தேடிய பெட்டியும் நஞ்சுக்கு முற்றிலும் புறம்பானதாக இருக்கவில்லை.

வீட்டிலே தோற்ற பெட்டி சாலையிலே வென்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அமெரிக்கரும் ஐரோப்பியரும் மோட்டார் வண்டியின் பின்னே கரவன் வண்டிகளை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றத் தொடங்கினர். அயோவா மாநிலத்து வின்னெபாகோ நிறுவனம் 1966இல் தன் முதல் மோட்டார் வீட்டைச் செய்து, நடுத்தரக் குடும்பங்களும் வாங்கக்கூடிய விலையில் விற்கலாயிற்று. அக்காலத்து ஈயப் பற்றரிகள் இரவு விளக்குகளுக்கே போதியவை. குளிர்ப்பெட்டியின் மோட்டாரைச் சுழற்ற அவற்றால் இயலாது. சமையலுக்கென்று வண்டியில் ஏற்கெனவே புரொப்பேன் வாயுக் கொள்கலம் இருந்தது. அதே வாயுவில் குளிர்ப்பெட்டியும் இயங்குமாயின் வேறென்ன வேண்டும்? ஓடும்பொழுது வண்டியின் 12 வோல்ற்று மின்சாரம், தங்குமிடத்திலே கம்பி வழி வரும் மின்சாரம், காட்டிலே வாயு என்று மூன்று வகையாலும் சூடேற்றத்தக்க பெட்டிகளும் தோன்றின. எலெக்ட்ரோலக்ஸின் இந்தத் தொழிற்பிரிவே பின்னாளில் டொமெற்றிக் என்ற தனி நிறுவனமாயிற்று. நள்ளிரவில் சிறிய வண்டிக்குள் உறங்குவோருக்குத் தலைமாட்டிலே குளிர்ப்பெட்டி ஓசையின்றி இருப்பது பெரும் பேறென்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் புவியீர்ப்பை நம்பி இயங்கும் பொறிக்குத் தரை சமமாக இருத்தல் வேண்டும். வண்டி ஓடும்பொழுது குலுக்கத்தினாலே திரவம் எங்கும் தேங்குவதில்லை. சரிவான நிலத்தில் நிறுத்திவிட்டு நாட்கணக்கில் இருந்தாலோ, திரவம் ஒரு மூலையில் தேங்கும். கொதிகுழாய் வறண்டு அளவுமீறிச் சூடேறும். உருக்குக் குழாய் துருப்பிடியாதிருக்கச் சேர்த்துள்ள சோடியம் குரோமேற்று என்னும் உப்புப் படிந்து குழாயை அடைக்கும். ஒரு முறை அடைபட்டால் அதனைத் தீர்த்தல் பெரும்பாலும் இயலாத காரியம். புதிய அமைப்புக்கள் பக்கவாட்டில் மூன்று பாகை வரையிலான சரிவைப் பொறுக்கும். அதற்கு மேல் அவையும் பொறா. வெயிலும் அதற்குப் பகை. வெளிக்காற்று மிகச் சூடாக இருந்தால் குழாய்களின் வெம்மை வெளியேறாது. அரிசோனாப் பாலையில் கோடை நண்பகலில் பெட்டியினுள்ளே பால் திரிந்து போனதைக் கண்டவர் பலர். குளிர் மிகவும் தேவைப்படும் வேளையிலேயே அப்பெட்டி சோர்ந்துவிடுவது இயற்கையின் கேலி போலும்.

இவற்றினும் கொடியது தீ. பல்லாண்டு சூடேறியும் ஆறியும் களைத்த கொதிகுழாயில் மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்படலாம். உள்ளிருந்து பீறிடும் ஐதரசன் அருகிலுள்ள சுடரிலோ சூட்டுக்கம்பியிலோ பற்றிக்கொள்ளும். மரப்பலகையும் நுரைப்பொருளும் கொண்டு கட்டிய வண்டி சில நிமிடங்களில் எரிந்துவிடும். 2006ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் பெரிய தயாரிப்பாளர் ஒருவர், 1997 முதல் செய்து விற்ற ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைத் தீ அபாயங் கருதித் திருத்தத்துக்காக அழைக்க நேர்ந்தது. அமோனியாவின் காரமணம், பின்புறத்துக் குழாய்களில் மஞ்சள் தூள் என்பன கசிவின் அடையாளங்கள். அவற்றைக் கண்டவர் சுடரை அணைத்து வாயுவை மூடிவிடுதலே அறிவு.

இவ்வாறு பெட்டி பழுதுற்றபொழுது, உரிமையாளர் முன்னே நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது: அதே வகைப் பெட்டியை மீண்டும் வாங்குதல், அல்லது பின்புறக் குழாய்த்தொகுதியை மட்டும் மாற்றுதல். இத்தகைய குழாய்த்தொகுதிகளைப் புதிதாகச் செய்து கொடுப்பதிலே இந்தியானா மாநிலத்து ஆமிஷ் மக்கள் பேர் பெற்றனர். சமயக் கட்டுப்பாட்டினால் ஊர் மின்கம்பியை வீட்டுக்குள் எடுக்காத அச்சமூகத்தார் வாயுக் குளிர்ப்பெட்டியைத் தம் வீடுகளில் என்றும் கைவிட்டதில்லை. உலகம் மறந்த கைவினை, குதிரை வண்டியில் செல்லும் மக்களிடத்திலே பிழைத்திருந்து, மோட்டார் வீட்டுக்காரருக்குக் கைகொடுத்தது.

இருபத்தோராம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. மாற்றம் குளிர்ப்பெட்டியிலே தொடங்கவில்லை, கூரையிலே தொடங்கியது. சூரிய ஒளியை மின்னாக்கும் தகடுகளின் விலை வீழ்ந்தது. 1997இல் ஜோன் குடினவ் குழுவினர் அறிவித்த இலிதியம் இரும்புப் பொசுபேற்று என்ற பொருளைக் கொண்ட பற்றரிகள், ஈயப் பற்றரியைவிட மிகக் குறைந்த எடையில் கூடுதலான மின்சாரத்தைத் தந்தன. 12 வோல்ற்று 100 அம்பியர் மணிப் பற்றரியொன்றின் சேமிப்பு ஏறத்தாழ 1.2 கிலோவாற்று மணி. ஈயப் பற்றரியாயின் அதிற் பாதியையே கேடின்றி எடுக்கலாம். இலிதியத்தில் பெரும்பகுதியையும் எடுக்கலாம். நடுத்தர அளவுள்ள வீட்டுக் குளிர்ப்பெட்டி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 கிலோவாற்று மணி மின்சாரம் கொள்ளும். இக்கணக்கை ஒத்துப்பார்த்தவர்களுக்கு வழி தெளிந்தது.

வீட்டுக் குளிர்ப்பெட்டியை வண்டியில் ஏற்றுவது சொல்லும் அளவுக்கு எளிதன்று. வண்டியின் கதவு அதன் அகலத்துக்குப் போதாது. ஆகவே பக்கத்து யன்னலையோ முன்கண்ணாடியையோ கழற்றி அவ்வழியே உள்ளே நுழைப்பர். பழைய வாயுக்குழாயின் முனையை உரியவரைக் கொண்டு அடைத்து, கசிவு உண்டாவென்று சோதித்தல் வேண்டும். பழைய பெட்டியின் வெம்மை வெளியேறுவதற்கென வண்டியின் சுவரிலும் கூரையிலும் இருந்த துவாரங்கள் மழையையும் தூசியையும் உள்ளே விடாதபடி மூடப்படும். எனினும் புதிய பெட்டியும் தன் வெம்மையைக் கழிக்க ஓர் இடம் வேண்டுமாதலால் முற்றாக மூச்சடைத்துவிடுதல் கூடாது. ஓட்டத்தின்போது பெட்டி சரியாதிருக்கத் தரையோடு பிணைப்பர்; வளைவுகளில் கதவு திறந்து முட்டையும் பாலும் தரையில் கொட்டாதிருக்கத் தாழ் பூட்டுவர். பற்றரியின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர் கருவி இராப்பகல் இயங்கவேண்டும். அது தானும் சிறிது மின்சாரம் உண்ணும் என்பதைக் கணக்கிலெடாதவர்கள் விடியற்காலையில் பற்றரி வெறுமையாயிருக்கக் கண்டு வருந்தினர்.

இதற்கு நடுவழியாக வந்தது 12 வோல்ற்று அமுக்கிப் பெட்டி. இதற்கான சிறிய அமுக்கிகளைச் செய்வதில் டென்மார்க்கின் டான்பொஸ் நிறுவனம் முன்னின்றது; படகுகளுக்கும் பாரவண்டிகளுக்கும் அவை முதலிற் பயன்பட்டன. 2010இல் அத்தொழிற்பிரிவு கைமாறிச் செக்கொப் என்ற பெயரைப் பெற்றது. இவ்வகைப் பெட்டி இன்வேட்டரை வேண்டாது பற்றரியிலிருந்தே நேரே இயங்கும். தரைச்சரிவு அதனைப் பெரிதும் பாதிப்பதில்லை. சுடர்ப்பெட்டி ஓரிரவு முழுவதும் எடுத்துக்கொள்ளும் குளிரை இது சில மணிநேரத்தில் எட்டும். மூவகைப் பெட்டியின் 12 வோல்ற்றுச் சூட்டுக்கம்பி பத்து அம்பியருக்கு மேல் ஓயாது இழுக்க, அமுக்கியோ இயங்கும் வேளையில் ஏறத்தாழ ஐந்து அம்பியரோடு நின்று, இடையிடையே ஓய்ந்தும் இருக்கும். பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்புறத்துக் குழாய்த்தொகுதியை நீக்கி அவ்விடத்தில் பொருத்தத்தக்க அமுக்கித் தொகுதிகளும் கிடைக்கின்றன. அவற்றைச் செய்து விற்போரிலும் இந்தியானாவின் ஆமிஷ் கைவினைஞர் உண்டென்பது வியப்புக்குரியது.

இதே மாற்றம் தடுப்பூசி வழங்கும் பணியிலும் நிகழ்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 1974இல் விரிந்த நோய்த்தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபொழுது, மின்சாரம் எட்டாத கிராம மருத்துவ நிலையங்களில் மருந்துகளை 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் காக்க மண்ணெண்ணெய், வாயுப் பெட்டிகளே உதவின. திரி கருகினாலும் எண்ணெய் தீர்ந்தாலும் மருந்து கெட்டுவிடும் என்ற அச்சம் என்றும் இருந்தது. சூரிய ஒளியில் இயங்கும் அமுக்கிப் பெட்டிகள் இப்பொழுது அங்கும் அவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன.

எனினும் சுடர்ப்பெட்டி அடியோடு ஒழிந்துவிடவில்லை. அடர்ந்த மரநிழலில் வாரக்கணக்கில் தங்குவோரும், மேகம் மூடிய குளிர்காலத்து வடநாடுகளில் திரிவோரும் அதனையே இன்றும் விரும்புகின்றனர். கூரைத் தகட்டில் வெயில் படாத நாட்களில் இலிதியம் பற்றரியும் வெறும் சுமையே. இருபது இறாத்தல் புரொப்பேன் நிறைந்த ஒரு கொள்கலமோ பெரிய சுடர்ப்பெட்டியையும் ஏறத்தாழ இரண்டு வாரம் ஓசையின்றி இயக்கிவிடும். இத்தகையோர் புதிய பெட்டியின் விலையை விசாரித்துவிட்டு, பழையதன் எரிகுழாயில் படிந்த துருவைத் துடைத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நீலச்சுடரை மீண்டும் ஏற்றிக்கொள்கின்றனர்.